மாறுகண் பிள்ளைக்கு ஆபரேஷன்: வீட்டார் செய்ய வேண்டியது என்ன?

நம் தோட்டத்து லயங்களில் ஒரு பிள்ளைக்கு மாறுகண் இருந்தால், அதைப் பற்றி மூன்று விதமான பேச்சு அடிபடுவதை நாம் கேட்டிருக்கிறோம். "மாறுகண்ணு ராசிக்கண்ணு, வீட்டுக்கு நல்லது, அதுல கை வைக்காதீங்க" என்பார் ஒரு பாட்டி. "பெரியவனானா தானா சரியாப் போயிடும், விடுங்க" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "கண்ணுல கத்தி வைக்கிறதா? இருக்கிற பார்வையும் போயிடும்" என்று பயமுறுத்துவார் இன்னொருவர்.

மூவரும் பாசத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் மூவர் பேச்சையும் நம்பி உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். இத்தனை பேச்சுக்கும் நடுவில், யாரையும் நேராகப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி அந்தப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆகவே இந்த வாரம் மாறுகண்ணைப் பற்றியும், அதற்குச் செய்யும் ஆபரேஷனைப் பற்றியும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பிள்ளைக்கு வீட்டார் எப்படித் துணை நிற்க வேண்டும் என்பதைப் பற்றியும் எழுத விரும்புகிறோம்.

மாறுகண் ஏன் வருகிறது?

நம் ஒவ்வொரு கண்ணையும் ஆறு சிறு தசைகள் பிடித்திருக்கின்றன. வண்டி மாட்டுக்குக் கட்டிய மூக்கணாங்கயிறு போல, அவை கண்ணை இடமும் வலமும் மேலும் கீழும் திருப்புகின்றன. இரண்டு கண்ணும் ஒரே பொருளைப் பார்க்க வேண்டுமானால் பன்னிரண்டு தசைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அந்த ஒத்துழைப்பு கெட்டால், ஒரு கண் நேராகப் பார்க்கும்போது மற்றது மூக்குப் பக்கமாகவோ காதுப் பக்கமாகவோ ஒதுங்கிவிடுகிறது. மேலே கீழே போவதும் உண்டு. நூறு பேரை எடுத்தால் இரண்டு முதல் நான்கு பேருக்கு இது இருக்கிறது. இது அபூர்வமான வியாதியல்ல.

சில குடும்பங்களில் அப்பாவுக்கும் இருக்கும், பிள்ளைக்கும் வரும். சிலருக்குத் தூரப் பார்வைக் கோளாறு காரணமாகக் கண் உள்பக்கம் இழுக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்குச் சரியான கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடும். ஆபரேஷன் தேவையே இராது. பிள்ளை கர்ப்பத்தில் இருந்தபோது தாய் கிரகணம் பார்த்தது, தொட்டிலுக்கு மேல் பொம்மை கட்டியது, யாரோ கண் வைத்தது என்பவை எல்லாம் காரணமல்ல. இதைத் தாய்மார்கள் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ தாய்மார்கள் இல்லாத குற்றத்தைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். நேற்றுவரை நேராக இருந்த கண் திடீரென்று ஒதுங்கினால், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், கூடவே தலைவலியோ வாந்தியோ இருந்தால், அது நரம்பு அல்லது மூளை சம்பந்தப்பட்ட கோளாறாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கைக்குழந்தையின் கண்மணியில் வெள்ளையாக ஏதாவது பளிச்சிட்டாலும் அப்படித்தான். அடுத்த பெரட்டு முடியட்டும், சம்பளம் போடட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

"தானா சரியாப் போயிடுமா?"

பிறந்த சில மாதங்கள் வரை குழந்தையின் கண் அங்குமிங்கும் அலைவது சகஜம். அதற்குப் பிறகும் ஒதுங்குகிற கண்ணைக் காலம் திருத்தாது. மாறாக, காலம் கெடுத்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு கண் ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் பார்த்தால், மூளைக்கு இரண்டு படங்கள் போய்க் குழப்பம் வரும். குழந்தையின் மூளை இதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்துவிடுகிறது. ஒதுங்கிய கண்ணிலிருந்து வரும் படத்தை அது தள்ளிவிடுகிறது. நாளடைவில் அந்தக் கண் பார்க்கும் பழக்கத்தையே இழந்துவிடுகிறது. இதைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். கண்ணில் கோளாறில்லை, மூளையும் கண்ணும் பழகிக்கொள்ளவில்லை.

டேவிட் ஹியூபெல், டார்ஸ்டென் வீசல் என்ற இரு அறிஞர்கள் 1960களில் அமெரிக்காவில் பூனைக்குட்டிகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணை மூடி வைத்துப் பிறகு திறந்துவிட்டார்கள். கண் பழுதில்லாமல் இருந்தும், அந்தக் கண்ணால் பூனையால் பார்க்க முடியவில்லை. பார்வையைப் பழகவும் ஒரு பருவம் உண்டு என்ற உண்மை உலகத்துக்குத் தெளிவாயிற்று. 1981ல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதனால்தான் சின்ன வயதிலேயே நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி வைத்து, சோம்பல் கண்ணை வேலை வாங்குகிறார்கள் டாக்டர்கள். ஏழு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம். "எங்க பிள்ளைக்குப் பதினாலு ஆயிடுச்சே, இனிமே என்ன?" என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. 7 முதல் 17 வயது வரையுள்ள 507 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு ஒன்று 2005ல் வெளிவந்தது. அதில் 13 வயதைத் தாண்டியும் அதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாத பிள்ளைகளில், கண்ணாடியோடு கண்ணை மூடும் சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 47 பேருக்குப் பார்வை கூடியது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 20 பேருக்குத்தான் கூடியது. ஆகவே வயசாகிவிட்டது என்று கை கழுவிவிடாதீர்கள். முயன்று பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இது பார்வையைப் பற்றிய கதை. கண்ணை நேராக்கும் ஆபரேஷனுக்கோ வயது வரம்பே இல்லை. பத்து வயதிலும் செய்யலாம், நாற்பது வயதிலும் செய்யலாம்.

கண்ணைத் தோண்டி எடுப்பார்களா?

லயத்தில் இந்தக் கதை இன்னும் உலவுகிறது. "கண்ணை வெளிய எடுத்து, திருப்பி வச்சுத் தைப்பாங்களாம்" என்று சொல்வார்கள். அது முழுக்க முழுக்கக் கட்டுக்கதை.

நடப்பது இதுதான். பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். கண் இருந்த இடத்திலேயே இருக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய தோலில் சிறு கீறல் போட்டு, தசை ஒட்டியிருக்கும் இடத்தைக் காண்பார்கள். கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும் தசை, கருவிழி ஓரத்திலிருந்து சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் தள்ளித்தான் ஒட்டியிருக்கிறது. அதிகமாக இழுக்கும் தசையைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைத்தால் அதன் இழுப்பு தளரும். தளர்ந்த தசையைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கித் தைத்தால் அதன் இழுப்பு கூடும். துணி காயப்போடும் கயிற்றைத் தளர்த்துவதும் இறுக்குவதும் போலத்தான். தையல் தானாகவே கரைந்துவிடும். முகத்தில் தழும்பு இராது. கண்ணின் உள்ளே, பார்வை இருக்கும் இடத்துக்குக் கத்தி போவதில்லை. அதனால்தான் இந்த ஆபரேஷனில் பார்வை பறிபோவது மிக மிக அரிது.

இது நேற்று முளைத்த வைத்தியமும் அல்ல. 1839ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் டீபன்பாக் என்ற டாக்டர் ஏழு வயதுச் சிறுவனுக்கு இதை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார். அப்போது மயக்க மருந்தே கிடையாது. அது 1846க்குப் பிறகு வந்தது. அந்தச் சிறுவன் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால், நம் பிள்ளைகள் தூங்கி எழுந்திருப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்பது எத்தனை பெரிய பாக்கியம்!

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் செய்யும் லேசர் ஆபரேஷன் வேறு, மாறுகண் ஆபரேஷன் வேறு. லேசர் முறை பொதுவாகப் பதினெட்டு வயதுக்குக் கீழே செய்வதில்லை. விளம்பரத்தைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கே போவது? யாரைப் பார்ப்பது?

முதல் படி தோட்டத்து மருந்தகம் அல்லது பக்கத்து அரசாங்க சுகாதார கிளினிக். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு கண் நிபுணரைப் பார்க்க வேண்டும். கிள்ளான் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. கோலாலம்பூர் பொது மருத்துவமனையும், பெட்டாலிங் ஜெயா எல்லையில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் கண் சிகிச்சைக்குப் பெயர் பெற்றவை. பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனையும் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் முயற்சியால் 1986ல் தொடங்கப்பட்டு, நாட்டின் மூன்றாவது பிரதமரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே கட்டணம் உண்டு. அரசாங்க மருத்துவமனையைவிடக் கூடுதல்தான். போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் தங்கினாலும் குடிமக்கள் கட்டும் பணம் தனியார் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு துளிதான். ஆனால் இந்தச் சலுகைக்குப் பத்திரம் வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். குடிமக்கள் அல்லாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. பத்திரச் சிக்கலோ பணக் கஷ்டமோ இருந்தால், ஆஸ்பத்திரியில் இருக்கும் மருத்துவ சமூகப் பணி அதிகாரியைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

லீவு எப்படி எடுப்பது? பிள்ளையின் சீக்குக்கு உங்கள் மருத்துவ விடுப்பு செல்லாது. ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி உங்களுக்குச் சம்பளத்தோடு வருடாந்தர விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு வருடத்துக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு 12 நாள், அதற்கு மேல் 16 நாள். தீபாவளிக்கே எல்லாவற்றையும் தீர்த்துவிடாமல், ஆபரேஷன் தேதி தெரிந்தவுடன் மூன்று நான்கு நாளை ஒதுக்கி வைத்து மேனேஜரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தாயும் தகப்பனும் மாறி மாறி லீவு போட்டால் இரண்டு பேர் சம்பளமும் ஒரே நேரத்தில் அடிபடாது.

"ஊருக்குப் போய்ப் பண்ணிக்கலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் பெரிய கண் மருத்துவமனைகள் இருப்பது உண்மை. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976ல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் தம் விரல்களே கோணிப்போயிருந்த நிலையிலும் அவர் ஆயிரக்கணக்கானோருக்குக் கண் ஆபரேஷன் செய்தவர். அந்த மனிதரை நினைத்துக் கும்பிடுவோம். ஆனால் மாறுகண் ஆபரேஷன் ஒரு நாளோடு முடிகிற காரியமல்ல. முன்னால் பல தடவை அளவு எடுக்க வேண்டும், பின்னால் பல தடவை காட்ட வேண்டும். கிள்ளானில் ரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் டாக்டர் இருக்கும்போது, கடல் கடந்து போக வேண்டிய அவசியம் இல்லை என்பதே நம் அபிப்பிராயம்.

பிள்ளையின் மனசு

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். கண்ணை டாக்டர் பார்த்துக்கொள்வார். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

மாறுகண் உள்ள பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன பாடு படுகிறது என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? தமிழ்ப் பள்ளியில் "ஒன்றரைக் கண்ணு" என்ற பட்டப் பெயர். இடைநிலைப் பள்ளிக்குப் போனால் "ஜூலிங்" என்று மலாயில் அதே கேலி. சினிமாவில் யாராவது கண்ணை ஒதுக்கிக் காட்டினால் கொட்டகையே சிரிக்கிறது; அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனால், "கேமராவை நேராப் பாரு" என்று அதட்டுகிறார்கள். நேராகத்தான் பார்க்கிறது; கண்தான் கேட்கவில்லை. கல்யாண வீட்டுப் படங்களில் எல்லாம் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டோ, கடைசி வரிசையில் மறைந்துகொண்டோ நிற்கிற பிள்ளையை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு சுமையும் சேருகிறது. "இந்தக் கண்ணோட யாரு கட்டுவா? மாப்பிள்ளை பாக்குறதுக்குள்ள ஆபரேஷனைப் பண்ணிடணும்" என்று அவள் காதுபடவே பேசுகிறார்கள். இப்படிப் பேசினால் ஆபரேஷன் அவளுக்காக அல்ல, யாரோ ஒரு மாப்பிள்ளைக்காக என்றாகிவிடுகிறது. அவள் படிக்க வேண்டும், நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேச வேண்டும், வேலைக்கு நேர்முகத்தில் உட்கார வேண்டும். அதற்காகத்தான் சிகிச்சை என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானதும் பிள்ளையின் மனதில் கேள்விகள் முளைக்கும். அவற்றைக் கேட்க அதற்கு வாய் வராது. நாமே உட்காரவைத்துப் பேச வேண்டும். டாக்டரிடம் போகும்போது பிள்ளையை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாம் மட்டும் பேசக் கூடாது. சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் சம்மதப் பத்திரத்தில் பெற்றோர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் கையெழுத்து நம்முடையது என்பதற்காக, கண் நம்முடையதாகிவிடாது. "உனக்கு இதுல இஷ்டமா, என்ன பயம் இருக்கு?" என்று முதலில் அதனிடம் கேளுங்கள். இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்று பிள்ளை சொன்னால், தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் விசாரியுங்கள். வளர்ந்த பிள்ளைக்குச் சில மாதத் தாமதத்தால் பெரும்பாலும் கெடுதல் வராது. பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு போனால் அந்தக் கசப்பு வருஷக்கணக்கில் நிற்கும்.

பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சிலவற்றையும், நாம் சொல்லக்கூடிய பதில்களையும் கீழே தருகிறோம்.

"மயக்கத்துல இருந்து முழிக்காமப் போயிட்டா?" ஆபரேஷன் முடியும்வரை மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே இருந்து மூச்சையும் நாடியையும் கவனித்துக்கொண்டிருப்பார். கண் தசையை இழுக்கும்போது நாடி சற்றுக் குறைவதுண்டு என்பதை அவர்கள் அறிவார்கள். அதற்கு மருந்தும் தயாராக இருக்கும். நம் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் கோளாறு வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா, இழுப்பு, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"வலிக்குமா?" வலிக்கும். ஆனால் தாங்கக்கூடிய வலிதான். கண்ணில் மண் விழுந்தது போல் சில நாள் உறுத்தும். மாத்திரை கொடுப்பார்கள். "ஒண்ணும் வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். ஒரு பொய் தெரிந்துவிட்டால் அதன் பிறகு நாம் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது.

"எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்களா?" சில வாரம் கண் சிவந்திருக்கும். யாராவது கேட்டால் "ஆபரேஷன் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் நாம் போய்ச் சொல்லிவைத்தால், அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்வார்.

"பண்ணியும் சரியாகலேன்னா?" இதுதான் பிள்ளையின் அடிமனதில் கிடக்கும் கேள்வி. இதற்கு உண்மையான பதிலைச் சற்றுக் கீழே எழுதியிருக்கிறோம்.

பாட்டிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நேர்த்திக்கடன் வைப்பதில் தவறில்லை. பத்துமலைக்குப் பால்குடம் எடுங்கள். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனை செய்யுங்கள். ஆனால் சாமியார் சொன்னார் என்று ஆபரேஷன் தேதியைத் தள்ளாதீர்கள். "அதிர்ஷ்டக் கண்ணை அறுத்துட்டாங்களே" என்று பிள்ளையின் காதில் விழும்படி புலம்பாதீர்கள்.

அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் சற்று நடந்து பாருங்கள். 1951ல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது அங்கேதான். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, தனியாகச் சாலையைக் கடந்து வேலைக்குப் போகும் ஆண்களையும் பெண்களையும் அங்கே காணலாம். பார்வையே இல்லாதவர்கள் தலைநிமிர்ந்து உழைத்துச் சாப்பிடும் ஊரில், கண் கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறது என்பதற்காக நம் பிள்ளை தலைகுனிய வேண்டுமா? ஆபரேஷனுக்கு முன்பும் அது நம் பிள்ளைதான், பின்பும் நம் பிள்ளைதான். கோணல் கண்ணோடு இருந்தபோது குறைவாக நேசித்தோம் என்ற எண்ணம் அதற்கு வந்துவிடக் கூடாது.

ஆபரேஷன் நாளும் அடுத்த நாட்களும்

காலை ஆபரேஷன் என்றால் முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது என்று சொல்வார்கள். எத்தனை மணியோடு சாப்பாட்டை நிறுத்துவது, எத்தனை மணியோடு தண்ணீரை நிறுத்துவது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "பாவம், பிள்ளைக்குப் பசிக்குதே" என்று யாருக்கும் தெரியாமல் ஒரு கப் மைலோ கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன் அறை வாசல்வரை கூடப் போங்கள். அழுதுகொண்டே அனுப்பாதீர்கள். கண் விழிக்கும்போது தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி வருவது சகஜம். முதல் நாள் கண்ணீர் இலேசாகச் சிவந்து வந்தாலும் பயப்பட வேண்டாம். அன்றே வீட்டுக்கு விடுவார்கள், அல்லது ஓர் இரவு வைத்திருப்பார்கள். எந்தத் தோட்டத்துக்கு எப்படித் திரும்புவது என்று வண்டிக்கு முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் புழுதியில் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வீட்டில் சொட்டு மருந்து விடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். எத்தனை தடவை, எத்தனை வாரம் என்பதைச் சுவரில் தாளில் எழுதி ஒட்டுங்கள். தாய் வேலைக்குப் போனால் அக்காவோ பாட்டியோ பார்த்துச் செய்யலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு எதையும் கண்ணில் விடக் கூடாது. டாக்டர் சொல்லும்வரை ஆற்றிலும் குளத்திலும் குளிக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்தாட்டம் சில வாரம் வேண்டாம். லீவு நாளில் தகப்பனோடு மருந்தடிக்கும் இடத்துக்கோ குலை பொறுக்கவோ போவதும் கூடாது. ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிடலாம்.

சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், எல்லாம் இரண்டாகத் தெரியலாம். மூளை புதுக் கோணத்துக்குப் பழகும்வரை அப்படி இருக்கும். ஆனால் வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சீழ் வந்தாலோ, இமை வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, பார்வை மங்கினாலோ, ஒரு பக்கம் கண் அசையவே மறுத்தாலோ, அடுத்த தேதி வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

இப்போது அந்தக் கடைசிக் கேள்விக்கு வருவோம். இந்த ஆபரேஷனால் பெரும்பாலோருக்குக் கண் நேராகிறது, அல்லது நேருக்கு மிக அருகில் வருகிறது. சுமார் ஐந்தில் ஒருவருக்கு, பிறகு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். அது டாக்டரின் தவறும் அல்ல, பிள்ளையின் தலையெழுத்தும் அல்ல. தசைகள் ஆளுக்கு ஆள் வேறு விதமாக ஆறுகின்றன. இதை முன்னாலேயே பிள்ளைக்குச் சொல்லி வைத்தால் பின்னால் உடைந்துபோகாது.

சோம்பல் கண்ணில் போன பார்வையை ஆபரேஷன் திருப்பித் தராது. கண்ணாடி போட்டவர்கள் அதற்குப் பிறகும் போட வேண்டியிருக்கலாம். இரண்டு கண்ணையும் சேர்த்து ஆழம் பார்க்கும் சக்தி, பல வருடம் கழித்துச் செய்யும்போது முழுவதும் வராமல் போகலாம். "அப்படின்னா அழகுக்குத்தானே?" என்று சிலர் இளக்காரமாகக் கேட்பார்கள். எதிரே இருப்பவரின் முகத்தை நேராகப் பார்த்துப் பேச முடிவது அழகுக்கு மட்டுமானதா? வாத்தியார் "உன்னைத்தான் கேட்கிறேன்" என்று சொல்லும்போது, தன்னைத்தான் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்படி எழுந்து நிற்க முடிவது சின்ன விஷயமா? அதன் விலை அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பார்கள். நம் வீட்டில், நம் லயத்தில், நம் உறவில் கண் ஒதுங்கிய பிள்ளை இருந்தால் இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒரு நாள் குறியுங்கள். சிறு பிள்ளை என்றால் தாமதமே வேண்டாம். வளர்ந்த பிள்ளை என்றால் முதலில் இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ரேடியோவையும் டெலிவிஷனையும் நிறுத்திவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நினைக்கிறது என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் பொறுத்திருங்கள்.